பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள்

போன நவராத்திரிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, எதிர் ஃபிளாட் பையன் வந்து நின்றான். "மாமா, மந்தைவெளியில ஒரு வண்டி பார்த்திருக்கேன். 2021 மாடல், டாக்டர் வண்டி, சிங்கிள் ஓனர். நீங்க ஒரு பார்வை பார்த்துட்டா போதும்."

மோட்டார் இன்ஷூரன்ஸ் சர்வேயராக இருபத்தெட்டு வருஷம் ஓட்டை உடைசல்களைப் பார்த்து ரிடையர் ஆனவன் நான். மயிலாப்பூரில் பழைய கார் வாங்க நினைக்கிறவர்கள் கபாலியைச் சேவித்த கையோடு என் வீட்டுக்கும் ஒரு நடை வந்துவிடுவார்கள். (சென்னைப் புரோக்கர்கள் சொல்வதை நம்பினால், இந்த ஊர் டாக்டர்கள் ஆளுக்கு ஆறு கார் வைத்திருக்க வேண்டும்.)

வண்டி பளபளவென்று இருந்தது. கதவைத் திறந்தால் மல்லிகை வாசனை குப்பென்று அடித்தது. கார்ப்பெட் புத்தம் புதுசு. நாலு வருஷ வண்டிக்கு எதற்குப் புதுக் கார்ப்பெட்? "கண்ணாடி மாதிரி இருக்கு சார்," என்றார் புரோக்கர். நான் பானெட் பக்கமே போகவில்லை. முன்சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை மெதுவாகக் கடைசிவரை இழுத்தேன். வெளியே தொங்கும் பகுதி சோப்பு போட்டுக் கழுவிய கறுப்பு. சுருளுக்குள்ளேயே கிடந்த கடைசி ஒரு முழம் மட்டும் மண்ணும் சாம்பலும் கலந்த நிறம். விரலை வைத்தால் மாவு மாதிரி ஒட்டியது.

அப்புறம் டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கினேன். அடிக்குழியின் மூலையில் வண்டல். சீட்டைப் பிடிக்கும் போல்ட்டுகளில் துரு. சாவியைத் திருப்பினால் ஏர்பேக் விளக்கு சில விநாடி எரிந்து அணைய வேண்டும். இதில் எரியவே இல்லை. கோளாறு வெளியே தெரியாமலிருக்க விளக்கையே குருடாக்கியிருக்கிறார்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, பள்ளிக்கரணை அடுக்குமாடி வளாகம் ஒன்றிலிருந்து கார்கள் வரிசையாக மிதந்து போன வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை எல்லாம் முழுகின. முழுகிய வண்டிகளில் சில, புதுப்பேட்டைக்குப் போய் உதிரி பாகங்களாயின. மற்றவை திரும்பி வந்தன. எப்படி வந்தன என்பதுதான் விஷயம்.

பழுது பார்க்கும் செலவு, பாலிசியில் போட்டிருக்கும் ஐ.டி.வி. மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் நாங்கள் 'டோட்டல் லாஸ்' என்று எழுதுவோம். கம்பெனி உரிமையாளருக்குப் பணத்தைக் கொடுத்துவிடும். இருக்கிற நிலையிலேயே வண்டி ஏலத்துக்குப் போகும். ஏலம் எடுத்தவர் உரிமையாளரிடம் ஃபாரம் 29, 30-ல் கையெழுத்து வாங்கிக்கொள்வார். ஆனால் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள மாட்டார். எங்கோ ஒரு ஷெட்டில் டிங்கரிங், பெயின்டிங் எல்லாம் முடித்து, அதே கையெழுத்தை வைத்து உங்கள் பெயருக்கு மாற்றிக் கொடுப்பார். ஆர்.சி.யைப் பார்த்தால் முதல் உரிமையாளரிடமிருந்து நேராக உங்களிடம் வந்த மாதிரியே இருக்கும். சிங்கிள் ஓனர் என்று புரோக்கர் சொன்னது பொய்யே இல்லை!

அமெரிக்காவில் இப்படிப்பட்ட வண்டியின் உரிமைப் பத்திரத்திலேயே 'சால்வேஜ்' என்று முத்திரை விழும். பிரிட்டனில் 2017 அக்டோபரிலிருந்து ஏ, பி, எஸ், என் என்று நாலு வகை. முதல் இரண்டும் மறுபடி ரோட்டுக்கே வரக்கூடாது. நம் ஆர்.சி.யில் அப்படி ஒரு வரி கிடையாது. அழிந்துபோன வண்டியைப் பற்றி 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு சொல்கிறது. ரிப்பேர் பண்ணி ஓட்டக்கூடிய வண்டியை யார் போய் அழிந்துவிட்டது என்று எழுதிக் கொடுப்பார்கள்? இந்த ஓட்டை வழியாகத்தான், டோட்டல் லாஸ் வண்டியின் ஆர்.சி.யை வாங்கி, அதன் சேஸிஸ் எண்ணைத் திருட்டு வண்டியில் அடிக்கும் கும்பல்களும் பிழைக்கின்றன. அதனால் சேஸிஸ் எண்ணை வண்டியிலேயே தேடிப் படித்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள்.

அதற்காக டோட்டல் லாஸ் என்றாலே அலற வேண்டாம். பத்து வருஷ வண்டிக்கு ஐ.டி.வி. ஒன்றே கால் லட்சம் என்று வையுங்கள். ஒரு கதவு, மட்கார்டு, ஹெட்லைட் அடிபட்டு ஒரு லட்சத்துக்கு பில் வந்தாலே அது டோட்டல் லாஸ். நல்ல மெக்கானிக் கையில் அந்த வண்டி இன்னும் அஞ்சு வருஷம் ஓடும். ஐந்து லட்சம் ஐ.டி.வி. உள்ள இரண்டு வருஷ வண்டி டோட்டல் லாஸ் ஆக வேண்டுமானால் மூன்றே முக்கால் லட்சத்துக்கு அடி வாங்கியிருக்க வேண்டும். இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான். டேஷ்போர்டு வரை தண்ணீர் ஏறிய வண்டியை மட்டும் பாதி விலைக்குக் கொடுத்தாலும் நான் தொட மாட்டேன். இன்ஜினைக் கழற்றி மாட்டலாம். ஒயரிங் கனெக்டருக்குள் பச்சையாகப் பூக்கும் துருவை யார் துடைப்பது? அது ஒரு வருஷம் கழித்துத்தான் வேலையைக் காட்டும்.

காகிதத்தில் இதைப் பிடிக்க ஒரு வழி உண்டு. நடப்பு பாலிசி மட்டும் போதாது. கடைசி மூன்று வருஷ பாலிசிகளைக் கேளுங்கள். கிளெய்ம் இல்லாத வண்டிக்கு நோ கிளெய்ம் போனஸ் 20, 25, 35 என்று ஏறிக்கொண்டு போகும். நடுவில் பூஜ்யமானால், அல்லது பாலிசியே சில மாதம் விட்டுப்போயிருந்தால், ஏன் என்று கேளுங்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி நம்பரைச் சொல்லி ஹிஸ்டரியும் பாருங்கள். பழைய கார் டீலர்கள் ஆர்.டி.ஓ. அங்கீகாரச் சான்று வைத்திருக்க வேண்டும் என்பது 2023 ஏப்ரலிலிருந்து விதி. அதையும் காட்டச் சொல்லலாம், தப்பில்லை.

மந்தைவெளிப் புரோக்கரிடம் பழைய பாலிசியைக் கேட்டேன். "ஓனர்கிட்ட இருக்கு சார், நாளைக்கு வாங்கித் தரேன்," என்றார். மறுநாள் போனை எடுக்கவில்லை. பத்து நாள் கழித்து அந்த வழியாகக் காய்கறி வாங்கப் போனபோது வண்டி அங்கே இல்லை. விற்றுவிட்டிருக்கிறார்கள். வெள்ளை நிறம், 2021 மாடல், உள்ளே மல்லிகை வாசனை. அது உங்கள் வீட்டு வாசலில் நிற்கிறதென்றால், இன்றைக்கே ஏர்பேக்கைச் சோதித்துவிடுங்கள்.