ஏறத் தெரிந்த வண்டிக்கு இறங்கத் தெரியுமா?

கார் வைத்திருப்போர் சங்கம் ஒன்று ஊட்டிக்குப் போவதென்று முடிவெடுத்தால், வாட்ஸ்அப் குழுவில் முதல் வாரம் முழுக்க ஒரே பேச்சுதான். எந்த ஓட்டல், டி-சர்ட் என்ன நிறம், மதியச் சாப்பாடு மேட்டுப்பாளையத்திலா குன்னூரிலா. இரண்டாவது வாரம் யார் வண்டி முன்னால் போவது என்பதில் மனஸ்தாபம் வரும். திரும்பி வருவதைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். ‘ஞாயிறு சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறோம்’ என்ற ஒரே வரியோடு அது தீர்ந்துவிடும்.

நீலகிரியைப் பொறுத்தவரை இது தலைகீழ்த் திட்டம். மலை ஏறுவது எஞ்சினின் பாடு. அதற்கு மூச்சு முட்டினால் வண்டி நின்றுவிடும், அவ்வளவுதான். இறங்குவது பிரேக்கின் பாடு. அதற்கு மூச்சு முட்டினால் வண்டி நிற்காது. ஆகவே பயணத் திட்டத்தை ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்திலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும் என்பது என் கட்சி. அதற்கு முதலில் பிரேக் என்பது என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மலையடிவாரத்திலுள்ள மேட்டுப்பாளையம் ஏறத்தாழ 325 மீட்டர். இடையில் உள்ள உயரம் 1,900 மீட்டருக்கு மேல். ஆட்களும் பெட்டிகளும் சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள கார் ஒன்று இந்த உயரத்தை இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் 280 லட்சம் ஜூல். மின்வாரியக் கணக்கில் சொன்னால் எட்டு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. வீட்டுக் குழாயில் வரும் குளிர்ந்த தண்ணீரில் 90 லிட்டரைத் தளதளவென்று கொதிக்கவைக்க இது போதும். இதில் ஒரு பங்கை டயரின் உராய்வும் எதிர்க்காற்றும் தின்றுவிடும். மீதி எங்கே போவது? ஒன்று பிரேக்குக்குள் போக வேண்டும், இல்லையென்றால் எஞ்சினுக்குள் போக வேண்டும். மூன்றாவது இடம் பள்ளத்தாக்கு.

பிரேக் வண்டியை நிறுத்துகிறது என்று பேச்சுவழக்கில் சொல்கிறோம். இயற்பியல்படி அது இயக்கத்தை வெப்பமாக மாற்றிக் காற்றில் விடும் கருவி. முன்சக்கரத்துக்குள் எட்டிப் பாருங்கள். பளபளவென்று ஒரு வார்ப்பிரும்புத் தட்டு தெரியும். அதுதான் டிஸ்க். அதன் இருபுறமும் கவ்வி நிற்பவை பேட்கள். டிஸ்க்கின் விளிம்பைக் கவனித்தால், பெரும்பாலான கார்களில் இரண்டு தட்டுகளுக்கு நடுவே இடைவெளிவிட்டு வார்த்திருப்பது தெரியும். உள்ளே காற்றுப் புகுந்து சூட்டை அள்ளிக்கொண்டு போவதற்கான வழி அது. பின்சக்கரங்களில் நம் ஊர்க் கார்கள் பலவற்றுக்கு இன்னும் டிரம்தான். மூடிய குடத்துக்குள் பிரேக் ஷூ இருப்பதால் அங்கே சூடு வெளியேறத் தாமதமாகும்.

சமவெளியில் சிக்னலில் ஒருமுறை பிரேக் பிடித்தால் டிஸ்க் சூடாகும். அடுத்த சிக்னல் வருவதற்குள் ஆறிவிடும். மலையில் அந்த ஆறும் நேரம் கிடைப்பதில்லை. வளைவுக்கு முன் ஒரு பிடி, வளைவில் ஒரு பிடி, எதிரே பஸ் வந்தால் ஒரு பிடி. நடுவே காலை பெடலிலிருந்து எடுக்காமல் லேசாக அழுத்தியபடியே வருகிறவர்கள் பாதிப்பேர். வேகம் குறைவாக இருப்பதால் காற்றோட்டமும் குறைவு. இப்படியே குன்னூரிலிருந்து இறங்கினால் வழியிலுள்ள பர்லியாறு வருவதற்குள் கருகிய நாற்றம் ஒன்று காருக்குள் எட்டிப் பார்க்கும். ஜன்னலை ஏற்றிவிட்டு ‘யாரோ லாரிக்காரன்’ என்று சொல்லிக்கொள்வது வழக்கம். பெரும்பாலும் அது நம் வண்டிதான்.

சூடு ஏறினால் இரண்டு விதமாகப் பிரேக் கைவிடும். எது நடக்கிறது என்பதைக் கால் சொல்லிவிடும்.

முதலாவது, பேட்கள் கைவிடுவது. பேடில் உள்ள பொருள்களைப் பிசின்தான் கட்டிப்பிடித்திருக்கிறது. அளவுக்கு மீறிச் சூடானால் அந்தப் பிசின் வாயுவைக் கக்கும், பிடிமானம் குறையும். பெடல் கல்மாதிரி இருக்கும், எவ்வளவு மிதித்தாலும் வண்டி வழுக்கிக்கொண்டே போகும். ஆறவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இரண்டாவது இன்னும் மோசம். பெடலை மிதித்ததும் அந்த அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது பிரேக் ஆயில். இது காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும் குணம் உள்ளது. டாட் 3 என்ற தரத்துப் புது ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது விதி. அதே ஆயிலில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் 140 டிகிரியே போதும். டாட் 4 என்றால் இந்தக் கணக்கு 230, 155. பழைய ஆயில் சக்கரத்தருகே கொதித்து ஆவியானால் குழாய்க்குள் குமிழி உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். அப்போது பெடல் பஞ்சுபோல் தரைவரை போகும், பிரேக் இருக்காது. மெக்கானிக்குகள் ‘பெடல் இறங்கிடுச்சு’ என்பார்கள். இப்படி ஆனால் விடாமல் பம்ப் செய்தபடி, கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கைப் படிப்படியாக இழுத்து, மலைச்சுவர்ப் பக்கமாக வண்டியை ஒதுக்குவதுதான் வழி. பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது சர்வீஸ் சென்டர்காரர் பில்லை ஏற்றுவதற்காக மட்டும் என்று நினைப்பவர்கள் கவனிக்க.

இந்தச் சூட்டை எஞ்சினிடம் தள்ளிவிடுவதுதான் மலையோட்டிகளின் வித்தை. எந்தக் கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்பது பழைய பஸ் டிரைவர்களின் பாடம். நீலகிரிப் பாதைகளில் இரண்டாம் கியரில் இறங்கச் சொல்லிப் பலகைகள் நிற்பதும் இதற்காகவே. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் பெட்ரோல் எஞ்சினுக்குள் போகும் காற்றுவழி ஏறக்குறைய அடைபடுகிறது. பிஸ்டன்கள் அடைத்த மூக்கால் காற்றை இழுக்கப் பாடுபடும். அந்தப் பாட்டைச் சுமப்பது இப்போது சக்கரங்கள். கியர் சிறிதாக ஆக எஞ்சின் அதிகமுறை சுற்றும், இழுவையும் கூடும். டீசல் எஞ்சினுக்கு அந்த மூக்கடைப்பு குறைவு என்றாலும், உள் உராய்வு ஓரளவு அந்த வேலையைச் செய்யும்.

‘எஞ்சின் இப்படிக் கத்தினால் பெட்ரோல் செலவாகாதா?’ என்று கேட்பவர் ஒவ்வொரு சங்கத்திலும் ஒருவர் உண்டு. ஆகாது. இன்றைய கார்களில் கியரில் இருந்தபடி காலை எடுத்தால் எரிபொருள் தெளிப்பு அடியோடு நின்றுவிடும். நியூட்ரலில் உருட்டினால்தான் எஞ்சின் அணையாமலிருக்க எண்ணெய் குடிக்கும். சேமிப்பதாக நினைத்து நியூட்ரலில் வருகிறவர் எண்ணெயையும் செலவழித்து, பிரேக்கையும் வேக வைக்கிறார். எஞ்சினையே அணைத்துவிட்டு உருட்டும் புத்திசாலிகளும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பிரேக் பூஸ்டர் இரண்டு மூன்று மிதிக்கு மேல் உதவாது, பவர் ஸ்டீயரிங்கும் போய்விடும். அப்படிப்பட்டவரைச் சங்கத்தில் வைத்திருப்பதா என்று பொதுக்குழுவில் பேசலாம்.

இதே சரிவில் இதே சிக்கலை ரயில் எப்படிச் சமாளிக்கிறது என்பதையும் பாருங்கள். 1899-இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கும், 1908-இல் ஊட்டிக்கும் ஓடத் தொடங்கிய மலை ரயிலுக்குக் கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே பல்தண்டு உண்டு. எஞ்சினின் பல்சக்கரம் அதில் பதிந்து சுற்றும். மிகச் செங்குத்தான இடத்தில் ஏறத்தாழ 12 அடி நகர்ந்தால் ஓர் அடி ஏற்றம். இந்தப் பகுதியில் எஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கம்தான். ஏறும்போது பின்னாலிருந்து தள்ளும். இறங்கும்போது கீழே நின்று மொத்த ரயிலையும் தாங்கும். அது போதாதென்று ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பிரேக்ஸ்மேன் இருப்பார். ரயிலைக் கட்டியவர்கள் இறக்கத்தை மனத்தில் வைத்தே திட்டம் போட்டார்கள்.

ஆட்டோமேட்டிக் கார்க்காரர்கள் ‘எனக்குக் கியரே கிடையாதே’ என்று தப்பிக்கப் பார்ப்பார்கள். கியர்க் கம்பியைச் சும்மா டி-யில் விட்டால் வண்டி தானாகப் பெரிய கியருக்குப் போய்ச் சரசரவென்று இறங்கும். எல், 2, எம் என்று எது இருக்கிறதோ அதற்கு மாற்றிக்கொள்ள வேண்டும். உங்கள் வண்டியில் அது எங்கே இருக்கிறது என்பதை வீட்டு வாசலிலேயே கண்டுபிடித்துவிடுங்கள்.

மின்சாரக் கார்க்காரர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. அவர்களுடைய மோட்டார் இறக்கத்தில் டைனமோவாகி, ஆற்றலைப் பேட்டரிக்கே திருப்பி அனுப்பும். இதைவிட நல்ல மலைப் பிரேக் இல்லை. ஆனால் ஊட்டி ஓட்டலில் இரவெல்லாம் போட்டு 100 சதவீதம் சார்ஜ் ஏற்றிவிட்டால், திருப்பி அனுப்பப் பேட்டரியில் இடம் இருக்காது. அந்தப் பிரேக் வேலை செய்யாது, அல்லது அரைகுறையாகச் செய்யும். மேலே 80 சதவீதத்தோடு நிறுத்துங்கள். மீதியில் ஒரு பங்கை மலையே போட்டுக் கொடுக்கும்.

இனி கூட்டமாகப் போவதன் சிக்கல். பத்துக் கார்கள் வரிசையாக இறங்கும்போது முதல் வண்டி லேசாகப் பிரேக்கைத் தொட்டால் இரண்டாவது வண்டி சற்று அழுத்தும், ஐந்தாவது அழுத்திப் பிடிக்கும், பத்தாவது கிறீச்சிடும். பிறகு விட்ட இடைவெளியைப் பிடிக்கப் பத்தாவது வண்டி பாய்ந்து வரும், திரும்பவும் மிதிக்கும். ஒரே சாலை, ஒரே வேகம். ஆனால் கடைசி வண்டியின் டிஸ்க்தான் அதிகம் வேகும். நம் சங்கங்களில் நடப்பது என்ன? வேகமான புது வண்டி முன்னால், பாரம் ஏற்றிய பழைய வண்டி ‘மெதுவா வாங்கண்ணே’ என்ற உபசாரத்தோடு கடைசியில். இதை மாற்றிப் போட வேண்டும். கனமான வண்டியும் மலைக்குப் புதிய ஓட்டுநரும் முதல் வண்டிக்கு அடுத்த இடத்தில் வரட்டும். அவர்களுடைய வேகமே கூட்டத்தின் வேகம். அனுபவசாலி ஒருவர் வால்வண்டியில் இருக்கட்டும். நான்கைந்து வண்டிக்கு ஒரு குழுவாகப் பிரித்து, குழுக்களுக்கிடையே பத்து நிமிட இடைவெளி விட்டால் உள்ளூர் பஸ்ஸும் காய்கறி லாரியும் நம்மைச் சபிக்காமல் தாண்டிப் போகும். கொண்டை ஊசி வளைவில் ஏறிவரும் வண்டிக்கே முதல் உரிமை. குறுகிய மலைப்பாதையில் இறங்குபவர்தான் ஒதுங்கி நிற்க வேண்டும் என்பது சாலை விதியிலேயே இருக்கிறது. செல்போன் சிக்னலை நம்ப முடியாது என்பதால் ‘பிரிந்தால் பர்லியாறில் சேருவோம்’ என்று இடத்தைக் குறித்துவிடுவது நல்லது.

பர்லியாறில் பழக்கடைகள் உண்டு; சீசனில் மங்குஸ்தான் கிடைக்கும்; பழத்துக்குக் காத்திருக்கும் குரங்குகளும் உண்டு. அங்கே நிறுத்தும் அரைமணி நேரம் பிரேக்குக்கான ஓய்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள். வார்ப்பிரும்பு கோணிக்கொள்ளும், விரிசலும் விடலாம். வண்டியைக் கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கல் அண்டக் கொடுங்கள். கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரமாகப் போட வேண்டும். போடாதவர்கள் விட்டுச் சென்ற கற்களை மலைப்பாதை நெடுகப் பார்க்கலாம்.

எந்த வழியில் இறங்குவது? மேட்டுப்பாளையத்துக்கு இரண்டு வழிகள். குன்னூர்ப் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். கோத்தகிரிப் பாதைக்கு வயது அதிகம். கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் காலத்தில், 1823-இல், சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்குப் போட்ட பாதைதான் இந்த மலையில் ஏறிய முதல் நல்ல சாலை. கோடை சீசனில் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கும்படி போலீசார் ஒருவழிப்பாதை ஆக்குவார்கள். கல்லாறிலும் குஞ்சப்பனையிலும் யானை நடமாட்டம் உண்டு, தேயிலைத் தோட்ட ஓரங்களில் காட்டுமாடு நிற்கும். இருட்டுவதற்குள் இறங்கிவிட இதைவிடக் காரணம் வேண்டாம்.

மூன்றாவது ஆசை ஒன்று எல்லாச் சங்கத்துக்கும் வரும்: கல்லட்டி. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட குறுக்குவழி. கூடலூர் வழியாகச் சுமார் 67 கிலோமீட்டரில் போகும், மசினகுடிக்கு அப்பாலுள்ள தெப்பக்காட்டுக்கு இதில் 36 கிலோமீட்டர்தான். அத்தனை தூரத்தை மிச்சம் பிடிக்கிறது என்றால் சரிவு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 2018 அக்டோபரில் சென்னையிலிருந்து வந்தவர்களின் கார் இங்கே பள்ளத்தில் விழுந்து, இரண்டு நாள் கழித்தே கண்டுபிடிக்கப்பட்டது. அதன்பின் வெளியூர் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு வந்தது. மசினகுடியிலிருந்து ஏறிவர அனுமதி கிடைத்தாலும் இறங்க விடுவதில்லை. சிலருக்கு இது விசித்திரமாகப் படுகிறது. மேலே சொன்ன 90 லிட்டர் கணக்கைப் படித்தவருக்கு விளக்கம் தேவைப்படாது. மைசூர் பக்கம் போகிறவர்கள் பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடியிருக்கும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

காகிதச் சமாசாரம் ஒன்று. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். சங்கத்துக்கு மொத்தமாக ஒன்று என்பது நடக்காது, வண்டிக்கு ஒன்று. 2025 கோடையில் வார நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று உச்சவரம்பும் வைத்தார்கள். ஒருவருக்கு மட்டும் பாஸ் கிடைக்காமல் சோதனைச் சாவடியில் ஒன்பது வண்டிகள் காத்திருப்பதைத் தவிர்க்க, ஓட்டலுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னால் இதை முடியுங்கள். குடிநீர் பாட்டில் உள்ளிட்ட ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு மாவட்டத்தில் தடை இருப்பதால் வீட்டிலிருந்தே எவர்சில்வர் கூஜா கொண்டுவருவது உத்தமம்.

கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போதே சங்கச் செயலாளர் குழுவில் ஒரு கேள்வியைப் போடட்டும்: பிரேக் ஆயில் கடைசியாக மாற்றியது எப்போது? தேதி சொல்லத் தெரியாதவர் வண்டியை மெக்கானிக்கிடம் விட்டு, ஆயிலை மாற்றி, பேட் தேய்மானத்தையும் பார்த்து, பில்லைப் படமெடுத்து அனுப்பட்டும். அனுப்பாதவருக்கு மற்றவர்கள் காரில் ஒரு சீட் கொடுங்கள்.