சாயுற தமிழ்... சுழியில கவனம்!

டி-ஷர்ட்டுக்கு ஸ்போர்ட்ஸ் லுக் வேணுமா? கொழுகொழுன்னு தடிமனா, சாய்வா இருக்கிற எழுத்துதான் பலரோட சாய்ஸ். சாய்வு வேகத்தைக் காட்டும். தடிமன் தூரத்துலேயே கண்ணை இழுக்கும்.

ஆனா, தமிழ்ல ஒரு சிக்கல். இட்டாலிக், 1500-களின் தொடக்கத்தில் வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனுஷியஸ் அச்சகத்தில் ரோமன் எழுத்துக்காகப் பிறந்தது. தமிழ் அச்சில் அப்படியொரு மரபு இல்லை. கேட்டமரன், பலூ தம்பி போன்ற இலவச ஃபான்ட்களில் தடிமன் உண்டு. தனி இட்டாலிக் கிடையாது. இட்டாலிக் பட்டனைத் தட்டினால், சாஃப்ட்வேர் எழுத்தை அப்படியே தள்ளிச் சாய்க்கும். வளைவுகள் கோணிப்போகும்.

அதைத் திருப்பூர் பனியன் துணியில் ஸ்கிரீன் பிரின்ட் அடிச்சா? மை கொஞ்சம் பரவும், துணியும் இழுபடும். மூணு சுழி 'ண' அடைஞ்சு, 'பணி' 'பனி' மாதிரி தெரியும். மொத்த லாட்டும் வேஸ்ட்!

தப்பிக்க வழி? தடிமனை ஒரு படி குறைங்க. எழுத்துகளுக்கு இடையே இடம் விடுங்க. சுழிகளைக் கொஞ்சம் திறந்து வரையச் சொல்லுங்க. முக்கியமா, ஆர்டர் துணியிலேயே ஒரு பீஸ் அடிச்சு, இழுத்துப் பார்த்துட்டு ஓகே சொல்லுங்க!