உங்கள் ஊர் வரைபடத்தில் உங்கள் கதை!



'வரைபடம்' என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? சமூக அறிவியல் தேர்வில் ஆறுகளையும் மலைகளையும் குறித்து மதிப்பெண் வாங்குவதுதானே? வரைபடத்தை வைத்துக் கதையும் சொல்லலாம். பிரிந்துபோன அம்மாவைக் கண்டுபிடித்தவர்கூட இருக்கிறார்! நம்ப முடியவில்லையா? கேளுங்கள்.

மத்தியப் பிரதேசத்தில் காண்ட்வா என்று ஓர் ஊர். அங்கே சரூ என்று 5 வயதுச் சிறுவன். 1986-ல் ஓர் இரவு, புர்ஹான்பூர் ரயில் நிலையத்தில் அண்ணனுக்காகக் காத்திருந்தவன், நின்றிருந்த ரயிலில் ஏறித் தூங்கிவிட்டான். விழித்துப் பார்த்தால் ரயில் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் போய்ச் சேர்ந்த இடம் கல்கத்தா! தன் ஊர்ப் பெயரைக்கூட அவனுக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவைச் சேர்ந்த ஒரு தம்பதி அவனைத் தத்தெடுத்து வளர்த்தார்கள்.

பெரியவரான பிறகும் சரூவுக்கு ஊர் நினைப்பு போகவில்லை. 'கூகுள் எர்த்' என்ற கணினி வரைபடம் அவர் கைக்கு வந்தது. ரயிலில் எத்தனை மணி நேரம் வந்திருப்போம், ரயில் என்ன வேகத்தில் ஓடியிருக்கும் என்று பெருக்கிப் பார்த்தார். கல்கத்தாவை மையமாக வைத்து ஒரு வட்டம் போட்டார். பிறகு தண்டவாளங்களை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தார். 2011-ல் ஒரு நாள், ரயில் நிலையம் ஒன்றின் அருகே ஒரு தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. சிறு வயதில் பார்த்த அதே தொட்டி! அங்கிருந்து தண்டவாளத்தோடு போனால் காண்ட்வா. 2012-ல் நேரில் வந்து அம்மாவைச் சந்தித்தார். இந்தக் கதை 2016-ல் 'லயன்' என்ற திரைப்படமாகவும் வந்தது.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. தொட்டியைப் படம் பிடித்தது செயற்கைக்கோள். ஆனால், 'இது என் ஊர்த் தொட்டி' என்று சொன்னது ஒரு சிறுவனின் நினைவு. இரண்டும் சேர்ந்தால்தான் கதை!

இதை நாமும் செய்து பார்க்கலாமா? நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் உள்ள வாசலூர்பட்டியையே எடுத்துக்கொள்வோம். கணினியிலோ கைபேசியிலோ கூகுள் எர்த்தைத் திறந்து ஊர்ப் பெயரைத் தட்டுங்கள். இஸ்ரோ 2009-ல் தொடங்கிய 'புவன்' வரைபடத்திலும் நம் நாட்டை மேலிருந்து பார்க்கலாம்.

மலையடிவாரத்தில் காரவள்ளி தெரியும். அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள், யாரோ கயிற்றைச் சுழற்றிப் போட்டது போல மேலே ஏறும். முதலில் அடிவாரத்துக்கும் உச்சிக்கும் நேர்க்கோடு போட்டு அளந்து பாருங்கள். அடுத்து, சாலை வழியாகவே அளந்து பாருங்கள். ஏன் இத்தனை வித்தியாசம்? சாலை இல்லாத காலத்தில் உப்பும் துணியும் எப்படி மேலே போயிருக்கும்? இதோ, கதை தொடங்கிவிட்டது!

இனி ஒவ்வோர் இடத்திலும் ஒரு புள்ளி குத்துங்கள். வாசலூர்பட்டியில் படகு இல்லம். செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலை. ஒரே அம்பால் பல விலங்குகளைத் துளைத்தவன் என்று சங்கப் புலவர் பாடிய வள்ளல் அவன். அடுத்த புள்ளி அறப்பளீஸ்வரர் கோயில். அதன் அருகே ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால் ஆகாய கங்கை அருவி. ஒவ்வொரு புள்ளியிலும் நான்கு வரி எழுதி, ஒரு படம் சேர்த்து, வரிசையாகக் காட்டினால் வகுப்பே மலையில் சுற்றுலா போகும்!

ஆனால், இவையெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த இடங்கள். வரைபடத்தில் இல்லாத இடங்கள்தான் முக்கியம். தாத்தா சாமை விதைத்த காட்டுக்கு ஒரு பெயர் இருக்கும். பாட்டி தண்ணீர் எடுத்த ஊற்றுக்கு ஒரு பெயர் இருக்கும். பாறைக்கும், பழைய பலா மரத்துக்கும், ஒற்றையடிப் பாதைக்கும்கூடப் பெயர் இருக்கும். அவற்றை எந்தச் செயற்கைக்கோளாலும் படம் பிடிக்க முடியாது. கேட்டு எழுத ஆளில்லாமல் போனால், அந்தப் பெரியவர்களோடு அந்தப் பெயர்களும் போய்விடும். ஆகவே, இந்த வாரமே ஒரு நோட்டுடன் அவர்கள் பக்கத்தில் போய் உட்காருங்கள். "இந்த இடத்துக்கு ஏன் தாத்தா இந்தப் பேர்?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் சொல்லை மாற்றாமல் அப்படியே எழுதுங்கள்.

'ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்' என்று ஒரு வரைபடம் இருக்கிறது. 2004-ல் இங்கிலாந்தில் தொடங்கியது. உலகெங்கும் உள்ள பொதுமக்களே சேர்ந்து வரைவது. ஊர்ப் பெயர்களைத் தமிழிலும் சேர்க்கலாம். ஆசிரியரின் துணையோடு உங்கள் ஊர்ப் பெயர் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

எல்லாவற்றையும் போட்டுவிடவும் கூடாது, கண்ணுகளா! உங்கள் வீடு, தொலைபேசி எண், நீங்கள் தனியாகப் போகும் வழி ஆகியவற்றை ஒருபோதும் குறிக்காதீர்கள். அரிய மூலிகை வளரும் இடம், ஊர்மக்கள் காத்துவரும் கோயில்காடு போன்றவற்றைப் பெரியவர்கள் சம்மதித்தால் மட்டுமே குறிக்க வேண்டும். உலகத்துக்கே வழி காட்டிவிட்டால், பறிக்க வருபவர்களுக்கும் வழி தெரிந்துவிடுமே!

பள்ளியில் கணினி இல்லையா? கவலை வேண்டாம். ஒரு சார்ட் தாள், நான்கு வண்ணப் பென்சில் போதும். வடக்குத் திசையைக் குறித்துவிட்டு, பள்ளிக்கூடத்தை நடுவில் வரைந்து தொடங்குங்கள். ஆளுக்கு ஓர் இடம், ஆளுக்கு ஒரு கதை. கணினி கிடைக்கும்போது அதில் ஏற்றிக்கொள்ளலாம். கதை மட்டும் இப்போதே உங்கள் கையில் இருக்க வேண்டும்.

என்ன, நோட்டை எடுத்துவிட்டீர்களா? முதலில் யார் வீட்டுத் தாத்தாவிடம் போகப் போகிறீர்கள்?