பெயர் வெட்டிய பாத்திரமும் வலைச் செயலியும்

சைனிக்புரியில் உள்ள நம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் கணினித் துறையில் படிப்பவரோ பணிபுரிபவரோ ஒருவராவது இருப்பார். அவர்கள் பேச்சில் அடிக்கடி வரும் 'பில்ட்' என்ற சொல்லைப் பற்றிய சிறு விளக்கம் இது.

கல்யாணச் சீருக்கு எவர்சில்வர் பாத்திரம் வாங்கினால் கடையிலேயே பெயர் வெட்டித் தருவார்கள் அல்லவா? வெட்டிய பெயரைப் பிறகு துடைத்து அழிக்க முடியாது. பாத்திரத்தைக் கையில் எடுப்பவர் எவரும் அதைப் படிக்கலாம். வலைச் செயலியின் கதையும் இதுவே.

புரோகிராமர் எழுதும் பல கோப்புகளைச் சுருக்கி, பிரௌசருக்கு ஏற்ற சில கோப்புகளாக ஆக்குவதே பில்ட். சர்வரின் முகவரி, வரைபடச் சேவையின் சாவி போன்ற மதிப்புகளை '.என்வ்' என்ற தனிக் கோப்பில் வைப்பார்கள். பில்ட் நடக்கும்போது, புரோகிராமில் அவற்றின் பெயர் வரும் இடங்களில் மதிப்பே பதிந்துவிடும். பிறகு சர்வரில் '.என்வ்' கோப்பைத் திருத்தினாலும் பயனில்லை. மறுபடி பில்ட் செய்ய வேண்டும்.

2016-இல் ஃபேஸ்புக் வெளியிட்ட 'கிரியேட் ரியாக்ட் ஆப்' இம்முறையைப் பரவலாக்கியது. 2025 பிப்ரவரியில் அது கைவிடப்பட்டது. 2020-இல் இவான் யூ உருவாக்கிய 'வீட்' இன்று பெரிதும் வழக்கில் உள்ளது. அதில் 'வீட்' என்ற சொல்லும் ஓர் அடிக்கோடும் முன்னொட்டாக உள்ள மதிப்புகள் மட்டுமே செயலிக்குள் செல்லும். பலர் இந்த முன்னொட்டைப் பூட்டு என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது, "இதை ஊரறியச் சொல்லலாம்" என்ற அனுமதிச் சீட்டு.

எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர், கட்டணச் சேவையொன்றின் ரகசியச் சாவியை இவ்வாறு பதித்துவிட்டார். '.என்வ்' கோப்பை அவர் வெளியிடவில்லை. ஆனால் சாவி பில்ட் கோப்பிலேயே இருந்தது. யாரோ அதை எடுத்துப் பயன்படுத்த, மாதக் கடைசியில் பில் அவர் தலையில் விழுந்தது.

இதற்கு வழி என்ன? ரகசியச் சாவி சர்வரிலேயே இருக்கட்டும். செயலி நம் சர்வரைக் கேட்க, சர்வர் வெளிச் சேவையைக் கேட்கட்டும். வரைபடச் சாவி போல பிரௌசருக்குச் சென்றே தீர வேண்டியவற்றை, நம் தளத்தில் மட்டும் செல்லுபடியாகும்படி கட்டுப்படுத்தலாம். இடத்துக்கு இடம் மாறும் முகவரிகளை, செயலி திறக்கும்போது படித்துக்கொள்ளும் சிறு கோப்பில் வைக்கலாம். அது பாத்திரத்தில் வெட்டிய பெயரன்று, ஒட்டிய சீட்டு. சாவி ஏற்கெனவே வெளியே போயிருந்தால் கோப்பிலிருந்து அழிப்பது போதாது. அதை ரத்து செய்து புதுச் சாவி வாங்க வேண்டும்.

பில்ட் முடிந்ததும் 'டிஸ்ட்' என்ற ஃபோல்டரைத் திறந்து, உங்கள் சாவியின் முதல் சில எழுத்துகளைத் தேடிப் பாருங்கள். ஒரு நிமிட வேலைதான். ரகசியச் சாவி கண்ணில் பட்டால், அந்தப் பில்டை வெளியிடாதீர்கள்.