நோய் தீர்க்கும் கூட்டுறவு

நோய் முன்னறிவித்து வருவதில்லை. கடன் தவணையோ நாள் தவறாமல் வருகிறது. இவ்விரண்டும் ஒரே மாதத்தில் ஒரு குடும்பத்தின் வாயிலில் வந்து நிற்குமாயின், எது முதலில் உள்ளே அழைக்கப்படும் என்பதைச் சங்கத்தின் கணக்கேடுகளைப் பார்வையிடும் பணியிலுள்ள நாம் நன்கு அறிவோம்.

பூவிருந்தவல்லிக்கு மேற்கே மல்லிகை பயிரிடும் அங்கத்தினர் ஒருவர், பல ஆண்டுகளாகத் தவணை தவறாதவர், ஒரு முறை பயிர்க்கடனைச் செலுத்தவில்லை. அழைத்து விசாரித்தபோது, "ஐயா, உரத்துக்கு வாங்கிய பணம் வீட்டிலே அவளுக்கு ஆபரேஷனுக்குப் போய்விட்டது. உரம் இல்லை, அதனால் பூவும் இல்லை" என்றார். நெசவாளர் ஒருவரின் கதை இன்னும் வருந்தத்தக்கது. நெடுநாள் கவனியாத சர்க்கரை நோயால் அவர் பாதத்தில் உணர்ச்சி குன்றியிருந்தது. குழித்தறியின் மிதிகட்டையில் உரசி உண்டான புண் வலிக்கவில்லை. வலிக்காத புண்ணை அவர் பார்க்கவுமில்லை. ஆறு மாதம் தறி நின்றது. ஆரம்பத்திலேயே ஒரு துளி இரத்தத்தைச் சோதித்திருந்தால் அக்குடும்பம் கடனாளியாகியிராது. நாம் ஏட்டில் எழுதியது "தவணை தவறியது" என்ற இரண்டு சொற்களே. காரணம் எழுதுவதற்கு அங்கே கட்டம் இல்லை.

இக்காரணத்தைக் குறித்து ஆழ்ந்து சிந்தித்து, அதற்குக் கூட்டுறவு முறையிலேயே பரிகாரம் தேடிய ஒரு பெரியார் நம் சென்னை நகரில் வாழ்ந்தார். அவர் டாக்டர் கே. எஸ். சஞ்சீவி (1903–1994). சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக விளங்கிய அவர், 1958-ஆம் ஆண்டில் வாலண்டரி ஹெல்த் சர்வீசஸ் என்னும் தொண்டு நிறுவனத்தைத் தோற்றுவித்தார். சோஷலிச மாதிரியான சமுதாயமே நம் இலட்சியம் என்று 1955 ஜனவரியில் நமது ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு தீர்மானித்து மூன்றாண்டுகளே கழிந்திருந்த காலம் அது. 1963-ல் தரமணியில் அந்நிறுவனத்தின் மருத்துவமனை இயங்கத் தொடங்கியது. இன்றும் இயங்கி வருகிறது. திருமதி எம். எஸ். சுப்புலட்சுமி தம் இசை நிகழ்ச்சிகளால் அதற்கு நிதி திரட்டித் தந்தார். நகரின் வைத்திய நிபுணர்கள் பலர் ஊதியம் கருதாது தம் நேரத்தை அளித்தனர். மூளை அறுவைச் சிகிச்சையில் புகழ் பெற்ற டாக்டர் பி. இராமமூர்த்தியும் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின் அங்கே நரம்பியல் பிரிவை வளர்த்தார்.

தர்ம வைத்தியசாலைகள் அதற்கு முன்னும் இருந்தன. ஆயினும் டாக்டர் சஞ்சீவியின் திட்டத்தில் புதுமை ஒன்று உண்டு. நோயாளியை அவர் இரந்து பெறுபவராகக் கருதவில்லை, அங்கத்தினராகக் கருதினார். அவர் வகுத்த மருத்துவ உதவித் திட்டத்தின்படி குடும்பம் முழுவதும் ஒன்றாகச் சேரும். வருமானத்திற்கேற்ப ஆண்டுச் சந்தா செலுத்தும். வசதியுள்ளவர் மிகுதியாகவும், எளியவர் குறைவாகவும் கொடுப்பர். நோய் வந்தாலும் வராவிட்டாலும் ஆண்டுக்கொரு முறை உடற்பரிசோதனை உண்டு. சிகிச்சைக் கட்டணத்தில் சலுகையும் உண்டு. நம் சங்கங்களில் பங்குத்தொகை செலுத்தும் ஏழையும் செல்வரும் ஒரே வாக்குரிமை பெறுவதை அறிந்த நமக்கு, இம்முறையின் உட்பொருளை விளக்க வேண்டுவதில்லை.

மருத்துவமனை எழுந்ததோடு அவர் நிற்கவில்லை. செங்கற்பட்டு மாவட்டக் கிராமங்களில் சிறு சுகாதார நிலையங்களை ஏற்படுத்தினார். சுமார் ஐயாயிரம் மக்களுக்கு ஒரு நிலையம். மருத்துவர் நாள் முழுவதும் அங்கிருப்பதில்லை. வாரத்தில் குறித்த நாட்களில் வந்து செல்வார். மற்ற நாட்களில் பயிற்சி பெற்ற ஆண் பணியாளர் ஒருவரும் பெண் பணியாளர் ஒருவரும் வீடு வீடாகச் சென்று குடும்பக் குறிப்பேடு எழுதுவர். கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் கவனிப்பர். தடுப்பூசிக்கு நாள் குறிப்பர். ஊரிலேயே வாழும் தொண்டர் முதலுதவி செய்வார். 1970-களில் இம்முறையைத் தமிழக அரசும் ஏற்றது. செலவை மத்திய அரசு, மாநில அரசு, தொண்டு நிறுவனம் ஆகிய மூன்றும் பகிர்ந்துகொண்டன.

இனி நம் பகுதிக்கு வருவோம். அம்பத்தூரில் 1966-ல் தொடங்கப்பட்ட சர் ஐவன் ஸ்டெட்போர்டு மருத்துவமனையை முருகப்பா குழுமத்தாரின் ஏ.எம்.எம். அறக்கட்டளை நடத்தி வருகிறது. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களும் உள்ளன. 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் நடைபெறுகிறது. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தின்கீழ் சர்க்கரை, இரத்த அழுத்தம் உடையோரின் வீட்டிற்கே மருந்து வருகிறது. இவ்வளவும் இருக்க, சங்கம் செய்ய வேண்டுவது யாது என அங்கத்தினர் வினவலாம்.

காப்பீடு பெரும்பாலும் மருத்துவமனையில் படுத்த பின்பே கைகொடுக்கும். படுக்கைக்குச் செல்லாமல் காப்பதே நம் தேவை. அரசு நிலையத்திற்குச் சென்றால் அன்றைய கூலி போகும் என்று தறியை விட்டு எழாதவர் பலர். பூப்பறிக்கும் வேளையில் தோட்டத்தை விட்டு வர இயலாதவர் பலர். இவர்கள் சங்கத்திற்கு மட்டும் தவறாமல் வருகிறார்கள். பாவும் நூலும் வாங்க வருகிறார்கள், கூலி பெற வருகிறார்கள், கடனுக்கு வருகிறார்கள். ஆகவே மருத்துவர் வந்து அமர வேண்டிய இடம் சங்கக் கட்டடமே.

அண்டை மாநிலமான கர்நாடகத்தில் 2003-ல் யசஸ்வினி என்னும் திட்டம் கூட்டுறவுச் சங்கங்களின் வாயிலாகவே செயற்பட்டது. தலைக்கு ஆண்டுக்கு 60 ரூபாய் வீதம் விவசாய அங்கத்தினர் செலுத்த, அரசும் உதவியது. முதலாண்டிலேயே சுமார் 16 இலட்சம் பேர் சேர்ந்தனர். 2018-ல் வேறு திட்டத்துடன் இணைக்கப்பட்ட அது, கூட்டுறவாளர்களின் வேண்டுகோளுக்கிணங்க மீண்டும் உயிர் பெற்று 2023 முதல் நடைபெறுகிறது. தர்மபுரி மாவட்டம் சித்தேரி மலைப்பகுதியை அடுத்த சிட்டிலிங்கியில் மருத்துவத் தம்பதியர் 1993-ல் ஒரு குடிசையில் சிகிச்சை தொடங்கினர். அங்குள்ள பெண்களுக்கே செவிலியர் பயிற்சி அளித்தனர். நாளடைவில் நோயின் வேர் வறுமையில் இருப்பதை உணர்ந்து, இயற்கை விவசாயிகள் சங்கமும் பெண்களின் பூத்தையல் தொழிலும் தோன்றத் துணை நின்றனர். அங்கே மருத்துவம் சங்கத்தை ஈன்றது. இங்கே சங்கம் மருத்துவத்தை ஈனக் கூடாதா?

செய்ய வேண்டுவன சிலவே. ஓய்வு பெற்ற மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர் நம் புறநகரில் பலர் உளர். மாதம் இரு அரைநாள் கேட்டால் மறுப்பவர் சிலரே. எடையும் இரத்த அழுத்தமும் குறிக்கவும், பதிவேடு எழுதவும், முதியோரை அழைத்து வரவும் அங்கத்தினரின் படித்த மக்கள் உதவலாம். நெசவாளருக்கு இடுப்பும் முழங்காலும் கண்ணும், சாயமிடுவோருக்குக் கைத்தோலும், பூச்சிமருந்து தெளிப்போருக்கு மூச்சும் முதலிற் பார்க்கப்பட வேண்டும். செலவுக்கு ஒவ்வொரு குடும்பமும் சிறு சந்தா செலுத்துவதோடு, சட்டமும் துணைவிதிகளும் இடந்தரும் அளவில் பொது நல நிதியிலிருந்து பொதுப்பேரவை ஒதுக்கலாம்.

எச்சரிக்கையாகவும் மூன்று சொல்வோம். பதிவு பெற்ற மருத்துவர் அன்றி வேறெவரும் மருந்து எழுதலாகாது. வீடுகளில் மீந்த மருந்தை நன்கொடையாக ஏற்கலாகாது. நோயாளிக்கு ஒரு முறை கொடுத்துத் திரும்பிய மருந்தை வழங்கலாகாதென்றும், நன்கொடை மருந்து வந்து சேரும்போது அதற்குக் குறைந்தது ஓராண்டுக் காலமாவது மீதமிருக்க வேண்டுமென்றும் உலக சுகாதார நிறுவனம் 1996-லேயே நெறி வகுத்துள்ளது. மூன்றாவது, நோய் வந்தபின் சந்தா கட்டுவோம் என்று நலமாயிருப்பவர் ஒதுங்குவாராயின் எத்திட்டமும் நிலைக்காது. நலமாயிருப்பவரின் சந்தாவே நோயுற்றவரின் மருந்து. தொண்டரின் இரக்கம் ஒரு கிளினிக்கைத் தொடங்கி வைக்கும். அதனைப் பத்தாண்டு நடத்துவது அங்கத்தினரின் சந்தாவே.

மல்லிகைத் தோட்டத்து அங்கத்தினர் தம் நிலுவையை இரண்டாண்டில் தீர்த்துவிட்டார். நெசவாளர் மீண்டும் தறியில் அமர்ந்தார். ஆனால் ஒரு விரலை இழந்த பின்பே. வரும் பொதுப்பேரவையின் நிகழ்ச்சி நிரலில் வைத்தியத்திற்கும் ஓர் இனம் சேர்க்குமாறு ஒவ்வொரு சங்கத்தின் நிர்வாகக் குழுவினரையும் வேண்டிக்கொள்கிறோம். தவணை தவறியதற்குக் காரணம் எழுத ஏட்டில் கட்டம் இல்லாவிடினும், அக்காரணம் நேராமல் தடுக்கச் சங்கத்தில் இடம் உண்டு.