மின்கருவிகளில் அழுத்தப் பொருத்தம்

தொட்டி நிறைந்ததும் மோட்டாரை நிறுத்தும் சிறு மின்னணுக் கருவிகளை விவசாய அங்கத்தினர் சிலர் தாமே அமைத்துக்கொள்ள முற்படுவது வரவேற்கத்தக்கதே. ஆயினும், அதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. அதனை ஈண்டு விளக்குவோம்.

இக்கருவிக்கு மூளையாக இருப்பது மைக்ரோகண்ட்ரோலர் என்னும் சில்லு. நீர்மட்டத்தை அளந்து அதற்குத் தெரிவிப்பது உணரி. இவை பேசும் மொழியில் இரண்டே சொற்கள்: 'உண்டு', 'இல்லை'. கம்பியில் மின்னழுத்தம் மிகுந்திருப்பின் 'உண்டு', குறைந்திருப்பின் 'இல்லை'. எவ்வளவு மிகுந்தால் 'உண்டு' என்பதில்தான் சில்லுகள் வேறுபடுகின்றன. கெஜக்கோல் வேறானால் ஒரே துணிக்கு இரண்டு கணக்கு வரும் என்பதை நெசவாள அங்கத்தினர்கள் நன்கறிவர்.

அர்டுயினோ ஊனோ பலகையின் சில்லு 5 வோல்ட்டில் இயங்குவது. 3 வோல்ட்டும் அதற்கு மேலும் வந்தால் அது 'உண்டு' எனக் கொள்ளும், 1.5 வோல்ட்டும் அதற்குக் கீழும் வந்தால் 'இல்லை' எனக் கொள்ளும். இடைப்பட்டது நிச்சயமற்றது. இஎஸ்பி32 சில்லு இயங்குவதோ 3.3 வோல்ட்டில். இது அனுப்பும் 'உண்டு' ஊனோவுக்கு மயிரிழையில் போதும். மறுதிசையில் அவ்வாறன்று. 5 வோல்ட்டில் இயங்கும் எச்சி-எஸ்ஆர்04 உணரி 5 வோல்ட்டிலேயே விடையனுப்பும். இஎஸ்பி32 தாங்கும் எல்லை ஏறக்குறைய 3.6 வோல்ட். நேராக இணைத்தால் சில்லு பழுதுபடக்கூடும். சில நாள் வேலை செய்தது என்பது பாதுகாப்புக்குச் சான்றாகாது. பழுதான கருவி தொட்டி நிறைந்ததை அறியாது. நீரும் மின்சாரமும் வீணாகும்.

பரிகாரம் எளிது. உணரியின் விடைக்கம்பிக்கும் சில்லின் காலுக்கும் இடையே 10,000 ஓம் மின்தடை ஒன்றும், அக்காலுக்கும் தரைக்கம்பிக்கும் இடையே 20,000 ஓம் மின்தடை ஒன்றும் வைத்தல் வேண்டும். மூன்று பங்கில் இரண்டு பங்கு, அதாவது 3.33 வோல்ட் சில்லுக்குச் சேரும். இடம் மாற்றி வைத்தால் 1.67 வோல்ட்டே கிட்டும். 'உண்டு' என்றறிய இஎஸ்பி32-க்குச் சுமார் 2.5 வோல்ட் வேண்டுமாதலால் விடை எட்டாது. இரு கருவிகளுக்கும் தரைக்கம்பி பொதுவாக இருத்தலும் இன்றியமையாதது.

இம்முறை ஒருதிசைக் கம்பிக்கே பொருந்தும். ஒரே கம்பியில் இருபுறமும் செய்தி செல்வதாயின், அதற்கென விற்கப்படும் அழுத்த மாற்றிப் பலகையையே பயன்படுத்துதல் வேண்டும்.

ஆகவே, வாங்குமுன் இரு சில்லுகளின் அழுத்தத்தையும் விவரத்தாளில் பாருங்கள். உணரியைச் சேர்க்குமுன், சில்லின் காலை விலக்கிவைத்து, மின்தடைகளுக்கு 5 வோல்ட் கொடுத்து, அவை கூடும் இடத்தை மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். 3.3 வோல்ட் அளவில் காட்டினாலன்றி இணைக்கலாகாது.