லே தித்தயாவின் குஞ்சுகள்

இரத்தினபுரி என்றதும் எவர்க்கும் நினைவுக்கு வருவன மாணிக்கக் கற்களே. ஆயினும் அம்மாவட்டத்தின் காடுகளினூடும் இறப்பர்த் தோட்டங்களினூடும் களு கங்கையை நாடி ஓடும் நிழலடர்ந்த சிற்றோடைகளில், மண்ணைத் தோண்டாமலே காணத்தக்க செம்மை ஒன்றுண்டு. ஐந்து சென்ரிமீற்றர் அளவே வளரும் அச்சிறு மீனைச் சிங்களத்தில் 'லே தித்தயா' என்பர். 'லே' என்பது இரத்தம். இணைசேருங் காலத்து ஆண்மீனின் நிறம் அத்தகையது. பின்னாளிற் கொழும்பு நூதனசாலையின் பணிப்பாளராக விளங்கிய பி. இ. பி. தெரணியகல 1929 ஆம் ஆண்டில் இதனை விஞ்ஞான உலகுக்கு அறிமுகஞ் செய்தபோது, ஊரார் வழங்கிய பெயரையே 'தித்தேயா' என அதன் விஞ்ஞானப் பெயரிற் சேர்த்தார். மேனாட்டார் செர்ரி பார்ப் என்பர். இலங்கையைத் தவிர வேறெந்த நாடும் இதற்குத் தாயகமன்று.

சருகு படிந்த, மெல்ல ஓடும், ஆழமற்ற நீரே இதற்கு உகந்தது. கரையோர மரங்கள் வெட்டப்பட்டு நிழல் நீங்கினாலும், மாணிக்கக் குழிகளின் சேறு ஓடையிற் கலந்தாலும் இது வாழ இயலாது தவிக்கும். போதாக்குறைக்கு, அழகு மீன் வணிகத்தின் பொருட்டுப் பல்லாண்டுகளாக ஓடைகளிலிருந்தே இதனை வாரியெடுத்து வந்தனர். அயலிலுள்ள கேகாலை மாவட்டத்தின் நிலை இன்னும் கவலைக்குரியது. அங்கே கலபிட்டமடைப் பகுதியின் ஓடையிற் கண்டறியப்பட்டு, 1991 இல் தனியினமென விவரிக்கப்பட்ட 'பந்துல' மீன், முற்றாக அழியும் ஆபத்தில் உள்ள இனங்களுள் ஒன்றாக எண்ணப்படுகிறது.

தித்தயாவின் நற்பேறு யாதெனில், அது தொட்டியிலும் எளிதில் இனம்பெருக்கும். இன்று உலகச் சந்தையில் விற்கப்படுவனவற்றுட் பெரும்பாலானவை வளர்ப்புப் பண்ணைகளிற் பிறந்தவையே. ஆகவே வளர்க்க விரும்புவோர் ஓடையிற் பிடித்ததை வாங்காது, தொட்டியிற் பிறந்த சோடியையே கேட்டு வாங்குதல் நன்று.

முப்பது லீற்றர் கொள்ளும் தொட்டி ஒரு சோடிக்குப் போதும். நீர் மென்னீராகவும் சற்றே அமிலத்தன்மை உடையதாகவும் இருத்தல் வேண்டும். 25 முதல் 27 பாகை வெப்பம் பொருந்தும். மழைக்குக் குறைவில்லாத சபரகமுவையில் மென்னீருக்கு அலையவேண்டியதில்லை. குழாய் நீரோடு மழைநீரைக் கலந்தாற் போதும். ஆணையும் பெண்ணையும் இரு கிழமை பிரித்து வைத்து, நுளம்புக் குடம்பிகளை உணவாக இட்டால், பெண்ணின் வயிறு பருக்கும். ஆணின் செம்மை அடர்ந்து வரும். மாலையில் இரண்டையும் ஒன்றாக விட்டால், பெரும்பாலும் மறுநாட் காலையில் முட்டையிடத் தொடங்கும். ஒருமுறையில் ஒன்றிரண்டாகத் தாவரங்களின்மேற் சிதறி, மொத்தம் இருநூறு முந்நூறு முட்டைகள் வரை இடும்.

இங்கேதான் கவனம் தேவை. கடலில் வாழும் கோமாளி மீனின் தந்தை, முட்டைகள் பொரிக்கும் வரை ஒரு கிழமைக்கு மேலாகச் செட்டையால் விசிறிக் காவல் புரியும். தித்தயாவுக்கு அத்தகைய பாசம் கிடையாது. தான் இட்ட முட்டையைத் தானே தேடி உண்ணும்! இதனால் தொட்டியின் அடியிற் சிறுவர் விளையாடும் போளைகளைப் பரப்பி, நீர்ப்பாசியையோ நன்கு ஊறவைத்து அலசிய தும்பையோ அடர்த்தியாக இடுவர். முட்டைகள் இடுக்குகளில் விழுந்து தப்பும். முட்டையிட்டு முடிந்ததும் பெற்றோரை வேறு தொட்டிக்கு மாற்றிவிடுதல் வேண்டும். முட்டைகளை அகற்ற முயல்வதைவிட இதுவே எளிது.

ஓரிரு நாளிற் குஞ்சுகள் பொரிக்கும். கண்ணாடி இழைத் துண்டுகள்போல இலைகளிலும் சுவரிலும் தொங்கிக்கொண்டு, மேலும் ஒருநாளோ இருநாளோ கருவூண் பையிலுள்ள உணவையே உண்டிருக்கும். அப்பொழுது எதனையும் இடலாகாது, நீர்தான் கெடும். நீந்தத் தொடங்கியபின் வேறு தொட்டிக்கு மாற்ற விரும்பினால், வலையை நாடக்கூடாது. வலைநூலில் ஒட்டிய குஞ்சு பிழைப்பதரிது. தொட்டியைத் துணியால் மூடி, ஒரு மூலையில் மட்டும் விளக்கொளி விழச் செய்தால், சிறிது நேரத்திற் பல குஞ்சுகள் ஒளியை நாடித் திரளும். அவற்றை நீரோடு சேர்த்துக் கிண்ணத்தால் மெல்ல முகந்தெடுக்கலாம். அல்லது மெல்லிய இறப்பர்க் குழாயால், தாழ வைத்த பாத்திரத்துக்கு மெதுவாக இறக்கலாம். இரு பாத்திரங்களின் நீரும் ஒரே வெப்பத்தில் இருத்தல் வேண்டும்.

குஞ்சுகள் பெரும்பாலும் மடிவது பசியாலேயே. அவற்றின் வாய்க்குப் பொடித்த உணவும் பெரிது. ஆதலின் முட்டையிடுவதற்கு ஒரு கிழமை முன்னரே வைக்கோலையோ வாழைப்பழத் தோலையோ நீரில் ஊறவைத்து, கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்களைப் பெருக்கிவைத்தல் வேண்டும். கலங்கிய அந்நீர் தெளிந்து வரும்போது, நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை சில கரண்டிகள் இடலாம். ஒரு கிழமை சென்றபின் புதிதாகப் பொரித்த உப்புநீர் இறாற் குஞ்சுகளை உண்ணும். வேகமாக உறிஞ்சும் நீர்வடிகட்டி குஞ்சுகளையும் விழுங்கிவிடும். பஞ்சு வடிகட்டியே ஏற்றது.

குஞ்சுகள் பெருகிவிட்டால், அவற்றை அருகிலுள்ள ஓடையில் விட்டுவிடச் சிலர் எண்ணுவர். அது தகாது. தொட்டியின் நோயும், எந்த ஆற்றின் வழிவந்ததென அறியப்படாத கலப்பும் அவற்றோடு சேர்ந்து ஓடையிற் புகும். மிஞ்சியவற்றை மீன் வளர்க்கும் அயலவர்க்குக் கொடுக்கலாம்.